மாநாட்டில் விவரிக்கப்படும்

இன்று மத்தியானம் கல்லில் ஊற்றிய தோசை கருகிப்போனது. உன்னால்தான்.

கடைக்கு வந்த காலேஜ் பெண் ஒருத்தி, ஒரு கையில் வடையும் மறு கையில் போனுமாக, தான் எழுதிய ஆய்வுச் சுருக்கத்தைத் தோழிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மாணவர் ஆய்வு மாநாட்டுக்கு அனுப்ப இன்றைக்குத்தான் கடைசி நாளாம். கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் முருங்கை விதைப் பொடியைப் போட்டால் தெளியுமா என்பது சங்கதி. கடைசி வரி காதில் விழுந்தது: 'கண்டறிந்தவை மாநாட்டில் விவரிக்கப்படும்.' தோசைத் திருப்பி கையிலேயே நின்றுவிட்டது.

நீயும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். நான் ஐந்தாவதோடு அடுப்படிக்கு வந்துவிட்டேன். நீ நிற்காமல் படித்து, என் கடைக்கு எதிரே இருக்கிற காலேஜுக்கே டீச்சராக வந்தாய். சாயங்காலமானால் சுவரோரத்து பெஞ்சு உனக்கு. மாநாட்டு சமயத்தில் பிள்ளைகள் எழுதிய சுருக்கங்களை அங்கே உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாய். காதால் கேட்டால்தான் பிசகு தெரியும் என்பாய். கேட்கிற காது என்னுடையது. கூலி கிடையாது.

ஒருமுறை ஒரு பெண், பட்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரை ஊற்றிப் பச்சைப்பயறு வளர்த்ததை எழுதியிருந்தாள். கடைசியில் இதே வரி.

"மொளைச்சுதா இல்லியாடி?" என்றேன்.

"அத மாநாட்ல சொல்லுவாளாம்."

"இன்னா, சினிமாவா காட்றா, இண்டர்வெல்லுக்கு அப்பறம் சொல்றதுக்கு?"

சிரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டனுப்பினாய். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒன்றுகூட முளைக்கவில்லையாம். "எழுதுனா தள்ளிடுவாங்க மேடம்."

"மொளைக்கலன்றதும் ரிசல்ட்தாம்மா. மறைக்காத, எழுது," என்றாய். எழுதினாள். எடுத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வரி நம்முடையதாகிவிட்டது. சட்னியில் உப்பு சரியா என்றால், 'மாநாட்டில் விவரிக்கப்படும்' என்பாய். தீபாவளிக்கு வீட்டுக்காரர் புடவை எடுத்துத் தந்தாரா என்றாலும் அதே பதில்தான்.

ஆடி மாதம் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் எடுத்துவிட்டு, நேராகக் கடைக்கு வந்தாய்.

"ரிசல்ட் இன்னாடி சொன்னாங்க?"

"மாநாட்டில் விவரிக்கப்படும்."

நான் சிரித்த சிரிப்பில் பார்சலுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நீயும் சிரித்தாய். "சிரிச்சிகினே இருக்காத, சூடா இன்னொரு வடை குடு ஜல்தி," என்றாய்.

தை பிறக்கும்போது நீ இல்லை.

பிள்ளைகளிடமெல்லாம் மறைக்காதே என்றவள் என்னிடம் மறைத்தாயே என்று ரொம்ப நாள் கோபம். இப்போது வேறுமாதிரி தோன்றுகிறது. தெரிந்திருந்தால் உன்னைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வந்திருக்காது. வடைக்குப் பதில் கஞ்சி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பேன். அது உனக்கு ஆகாது. சிரிக்கிற என்னைப் பார்க்க வேண்டும் என்று வந்தாய், கடைசிவரை பார்த்தாய். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறதே, அதற்கு என்ன வழி?

கருகின தோசையைச் சுரண்டிப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"தண்ணி தெளிஞ்சுதாம்மா?"

"இன்னும் பாக்கலக்கா. லேப்ல வெச்சிட்டு வந்துட்டேன்."

"போயி பாத்துட்டு வந்து எழுது. தெளியலன்னாலும் எழுது. வடைத் தட்ட நான் பாத்துக்கறேன், ஓடு."

"சரியான பேஜாருக்கா நீங்க," என்று சிணுங்கிக்கொண்டே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தே கத்தினாள். "அக்கா, தெளிஞ்சிடுச்சு! டம்ளரோட அடி தெரியுதுக்கா!"

நான் சுவரோரத்து பெஞ்சுப் பக்கம் திரும்பி, "கேட்டியாடி?" என்றேன்.

பார்சலுக்காக அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர், "கேட்டுச்சும்மா," என்றார்.