இரண்டாவது ஜாடி

நாங்கான் தீவு, திங்கட்கிழமை, இன்றும் பனி விலகவில்லை

அன்பு மகள் பெய்யுன்னுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வயிற்றில் இருப்பதும் மாப்பிள்ளை யென்டிங்கும் நல்லபடி இருக்க மாட்சு அம்மனுக்குத் தினமும் ஊதுவத்தி ஏற்றுகிறேன். என்னடா இது, இந்தக் காலத்தில் அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று பதறாதே. கடலுக்கடியில் போகும் கேபிள் இரண்டும் அறுந்து போச்சு. மீன்பிடிக் கப்பலின் நங்கூரம் மாட்டி இழுத்துவிட்டது என்று பாதி ஊர் சொல்கிறது, வேண்டுமென்றே இழுத்தார்கள் என்று மீதி ஊர் சொல்கிறது. ஒட்டுகிற கப்பலுக்கு வேறு எங்கோ வேலையாம், எப்போது வருமோ தெரியாது. மலைமேல் இருக்கும் கோபுரத்தில் வருகிற கொஞ்சநஞ்ச சிக்னலில் விடிந்ததும் உன் செய்திகள் சொட்டுச் சொட்டாக வந்து விழுகின்றன. நீ அனுப்பிய வயிற்றுப் படம் பாதியில் நின்றுவிட்டது, உன் முகமும் கழுத்தும் மட்டும் வந்திருக்கிறது, கழுத்து கறுத்துப் போயிருக்கிறதே, சாப்பிடுகிறாயா இல்லையா. உலகத்துப் போனுக்கெல்லாம் உயிர் கொடுக்கிற சிப்பைச் செய்கிறவளைப் பெற்றுவிட்டு அவளோடு ஒரு வார்த்தை போனில் பேச வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், இதை யாரிடம் சொல்லிச் சிரிக்க.

கண் வைத்தியத்துக்காக சியூஜின் பெரியம்மா கப்பலில் கடல் தாண்டித் தைபே போகிறாள். அங்கிருந்து அமெரிக்காவுக்கு அவசரத் தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஒட்டித்தான் கொடுப்பேன், ஆனாலும் அவளைப் பற்றி உனக்குத் தெரியாததா. சியூஜின் அக்கா, நீங்கள் இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால், கீழே உங்களைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் உண்மைதான், மூடி மறுபடி ஒட்டிவிடுங்கள்.

இந்த முறை சும்மா எதிர்க்கரையிலிருந்து மணல் அள்ள வரும் சீனக் கப்பல்கள் இல்லையம்மா. அதெல்லாம் நமக்குப் பழகிப்போனது, வரும், வயிறு நிறைய மணலை அள்ளும், நம் காவல் படகு விரட்டினால் போகும். இப்போது வந்து நிற்பவை சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். பனி கொஞ்சம் விலகினால் வரிசையாகத் தெரிகின்றன, மறுபடி மூடிக்கொள்கிறது. தெரிகிறபோதுகூட அவ்வளவு பயமில்லை, மூடிக்கொண்ட பிறகுதான் பயம், எங்கே வந்து நிற்கின்றனவோ என்று. ஒத்திகைதான் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஒத்திகைக்கும் நிஜத்துக்கும் முதல் நாள் என்ன வித்தியாசம் தெரியும் என்று அப்பா கேட்கிறார். கடையில் சேமியா தீர்ந்துவிட்டது, பால் மாவு தீர்ந்துவிட்டது. யாரும் யாரிடமும் பயம் என்ற வார்த்தையைச் சொல்வதில்லை, எல்லோரும் வானிலையைப் பற்றியே பேசுகிறார்கள்.

போன வாரம் காலைப் பலகாரக் கடையில் சியூஜின் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். கடை நிறைய ஆட்கள். "ஏன் பாவ்சின், டிவில என்ன சொல்றான் கேட்டியா, அந்த சிப்பு ஃபேக்டரிதான் நம்ம நாட்டுக்குக் கவசமாம். அது இங்க இருக்கறவரைக்கும் உலகமே நமக்காக ஓடி வருமாம். உன் பொண்ணு என்னடான்னா கவசத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போயி அமெரிக்காக்காரனுக்கு மாட்டிவிட்டுட்டு இருக்கா"ன்னு சொல்லிவிட்டுச் சூடான ரொட்டியைக் கடிக்கிறாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். "ஏன் அக்கா, இந்தத் தீவுல எத்தனை சிப்பு ஃபேக்டரி இருக்கு? இருக்கறது மட்டியும் மீனும் ஜாடிச் சரக்கும். அந்தக் கவசம் நேத்தும் நமக்கு இல்ல, இன்னைக்கும் இல்ல. உங்களுக்காக எவன் ஓடி வரான்னு என் பொண்ணைக் கேக்கறீங்க"ன்னு கேட்டுவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தானே சொன்னேன், ஆனால் எல்லோரும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. நீ அதை மனதில் போட்டுக்கொள்ளாதே. பாலைவனத்தில் உட்கார்ந்து தண்ணீரைக் கழுவிக் கழுவிச் சுத்தம் செய்து சிப்புக்குக் கொடுக்கிறாய், அப்பா இங்கே கடல் தண்ணீரிலிருந்து உப்பை நீக்கி ஊருக்குக் குடிக்கக் கொடுக்கிறார், இதில் யார் யாருக்கு என்ன துரோகம் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே, சிரித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படி. வியாழக்கிழமை மத்தியானம், உன் பிள்ளைப்பேற்றுக்கு அங்கே வரும்போது கொண்டுவர வடித்த சிவப்பரிசி மதுவை இரண்டு ஜாடியில் ஊற்றி வாய் கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பனி, எதிர்வீடு தெரியவில்லை. திடீரென்று ஒரு பெரிய வெடி. ஜன்னல் ஆடியது. அடுத்து இன்னொன்று. எனக்கு யோசனை என்று ஒன்று வரவே இல்லை பெய்யுன். ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலத்தில், பதினாறு வயதில் எங்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, ஊதல் ஊதினால் எந்தச் சுரங்கத்தில் எந்த வரிசையில் போய் நிற்க வேண்டும் என்று பழக்கினார்களே, கால் தானாக ஓடியது. மலையடிப் பதுங்கு சுரங்கத்துக்குப் போய்ப் பார்த்தால் என் வயதுக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை. எல்லோரும் அந்தக் காலத்து வரிசையிலேயே நிற்கிறோம், செத்துப் போனவர்களுடைய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு. சுரங்க வாசலில் காபிக் கடை வைத்திருக்கிறார்களே தைபேயிலிருந்து வந்த பிள்ளைகள், அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

உன் அப்பா கடைசியாக வந்து சேர்ந்தார். கையில் சோற்றுப் பானை, மின்சார வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. என்ன இது என்று கேட்டால், சாதம் இப்போதுதான் வெந்தது, விட்டுவிட்டு வர மனசில்லை என்கிறார். அந்தக் களேபரத்திலும் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு அவர் என் கையைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். வீட்டுப் பத்திரம் இல்லை, மாத்திரைப் பை இல்லை, உனக்கென்று கட்டிய மது ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் ஜாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தனை பேர் நடுவில் சொன்னார், "நல்லதாப் போச்சு. இந்த ஜாடியோட அப்படியே கெளம்பிடு. கேபிள் அறுந்து போறதுக்கு முந்தியே பொண்ணுகிட்ட நான் பேசியாச்சு. போறதுக்கு மட்டுந்தான் சீட்டு எடுத்திருக்கா, திரும்பறதுக்கு இல்ல."

கொஞ்ச நேரத்தில் ஊர் ஆபீஸ் பையன் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து, துறைமுகச் சாலைக்காக நம் ஆட்களே பாறை உடைக்கிறார்கள், எல்லோருக்கும் போனில் முன்கூட்டியே செய்தி அனுப்பினோமே என்றான். எந்தப் போனில் என்று சியூஜின் பெரியம்மா அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். அதற்கு நானும் சேர்ந்து கத்தியிருப்பேன், ஆனால் எனக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. நீயும் அப்பாவும் எனக்குத் தெரியாமல் பேசி முடித்திருக்கிறீர்கள். பிள்ளை பெற்ற மாதத்தைக் கவனித்துக்கொள்ள வா அம்மா என்று கூப்பிட்டாயே, அந்த மாதத்துக்கு முடிவே இல்லை என்று ஏன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசவில்லை. சோறு வைத்தேன், பேசவில்லை. மறுநாள் தண்ணீர் ஆலையில் வேலை முடிந்து வந்து அவரே சமையலறை வாசலில் நின்றார். நீங்களும் வாங்க, இரண்டு பேருமாகப் போவோம் என்றேன். "நான் வந்துட்டா தண்ணி யாரு விடுவா? ஆலையில இருக்கறது மூணு பேரு, அதுல ஒருத்தன் பொண்டாட்டி பிள்ளையோட தைவான் போயிட்டான்"னு சொன்னார். அப்படியானால் நானும் போகவில்லை, ஜாடியை சியூஜின் பெரியம்மா தைபேயிலிருந்து தபாலில் அனுப்பட்டும் என்றேன். அதற்கு அவர் குரலே உயர்த்தாமல், "இந்தா பாரு பாவ்சின், ரெண்டு பேரும் இங்கயே மாட்டிக்கிட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு இருக்கா? ஒருத்தராவது அவளுக்கு மிஞ்சணும்"னு சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நான் அழுதேன், அவர் சோற்றுப் பானையின் வயரைச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் நான் முடிவு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் வந்து சொன்னால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். நான் வருகிறேன். நீ எடுத்த சீட்டிலேயே வருகிறேன். பனி விட்டு விமானம் பறந்தால் விமானத்தில், இல்லாவிட்டால் கப்பலில் தைவானின் கீலுங் துறைமுகம் போய், எப்படியாவது நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் வந்துவிடுவேன். ஆனால் நேற்று நானே விமான நிலையத்துக்கு நடந்து போய் வரிசையில் நின்று திரும்புவதற்குச் சீட்டு எடுத்துவிட்டேன். உன் பிள்ளைக்கு மாதம் நிறைந்து தலை மழித்து, சிவப்பு முட்டை கொடுத்து முடித்த மறுநாள். நீ அங்கே என்ன சொன்னாலும் அந்தத் தேதி மாறாது. நடுவில் கடல் மூடிக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். எனக்குத் தெரியாது பெய்யுன். அந்தப் பக்கம் நின்றுகொண்டு இவரைப் பற்றி டிவியில் பார்க்கிறவளாக நான் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இங்கேயே இருந்துவிட்டால், நீ வலியில் அம்மா என்று கத்தும்போது அங்கே இல்லாமல் போவேனே என்றும் பயம். இரண்டு பயத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறேன், மற்றதை இங்கே விட்டுவிட்டு வருகிறேன்.

நான் வருவதற்குள் சிலது சொல்லிவைக்கிறேன். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவுடன் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்களாம், சியூஜின் பெரியம்மாவின் அக்கா மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக் கொட்டிவிடு, சிரித்துக்கொண்டே கொட்டு, அவர்கள் மனம் நோக வேண்டாம். தலைக்கு ஊற்றாதே. பழைய இஞ்சி நிறைய வாங்கி வைக்கச் சொல் மாப்பிள்ளையிடம், இளசு வேண்டாம். நூல் சேமியா நான் கொண்டு வருகிறேன், கடையில் இல்லாததால் ஊரில் நாலு வீட்டில் கேட்டு வாங்கியிருக்கிறேன், உனக்கு என்றதும் யாரும் இல்லையென்று சொல்லவில்லை, சியூஜின் பெரியம்மாதான் அதிகமாகக் கொடுத்தாள். ஆலையில் வேலை இருக்கிறது என்று கடைசி நாள் வரை நிற்காதே. நீ இல்லாவிட்டால் சிப்பு நின்றுவிடாது, அப்படி நின்றால் நிற்கட்டும்.

ஜாடி இரண்டு என்று சொன்னேனே. சுரங்கத்துக்கு என்னோடு வந்த ஜாடி உன்னிடம் வருகிறது. மற்றதை அப்பாவின் கட்டிலுக்கு அடியில் வைத்து, வாயை மண்ணால் பூசிவிட்டேன். நான் திரும்பி வந்து என் கையால் உடைக்கிறவரை அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

தாயும் சேயுமாகத் தனித்தனியே நல்லபடி பிரிந்து, கைகால் சுகத்தோடு நூறாண்டு இருக்க வேண்டும், அம்மன் கூடவே இருக்கட்டும். அப்பாவுக்கு அடிக்கடி செய்தி அனுப்பு, வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அனுப்பிக்கொண்டே இரு. ஐஸ் தண்ணீர் ஞாபகம்.

கோபத்தோடும் முத்தத்தோடும்,
உன் அம்மா
சென் பாவ்சின்

பெய்யுன், அப்பா எழுதுவது. அவளைத் திரும்பி வர விடாதே என்று உனக்கு எழுதத்தான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். ஜாடியைத் தொடமாட்டேன்.