இரண்டாவது செருப்பு

கிள்ளான், 1932, வெள்ளி இரவு

விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றியிருக்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் ஆலிம் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் தமிழில் மார்க்க பயான் செய்தார். மலாய்க்காரர்களுக்கு மலாயில் எடுத்துச் சொன்னது நான்.

அல்லாஹ் மூசா நபியைச் செருப்புகளைக் கழற்றச் சொன்ன குர்ஆன் ஆயத்து. "ஒரு செருப்பு இந்த துன்யா, இந்த உலகத்து ஆசை; இன்னொண்ணு சொர்க்கத்து ஆசை. ரெண்டையும் விட்டாத்தான் அவன்கிட்ட போவலாம்" என்றார். நான், "புனிதமான இடம், செருப்பைக் கழற்றுங்கள்" என்பதோடு முடித்துவிட்டேன்.

வெளியே பக்கத்துக் கடை மலாய் ஹாஜி கேட்டார்: "அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்றேன்.

முழுதும் சொன்னால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று பயந்ததாக வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பொய். துன்யாவை விடச் சொன்னால் விட்டுவிடுவேன். சொர்க்கத்தையும் விட்டுவிட்டால், போன நோன்பில் அடக்கம் செய்த என் மகளை எங்கே போய்ப் பார்ப்பேன்?