பதினாலாம் எண்ணுக்கு மூன்று பூஜ்யம்

மார்ச் 13, வியாழக்கிழமை, பகல் 12.41. சற்று முன் நம் கம்பெனி கேட்டைத் தாண்டி எதிர்ப்பக்கப் பள்ளிக்குள் போனவர்கள் பதினெட்டு பேர். போன மாதம் வரை இருபத்துநாலு. நின்றுபோன ஆறு பேரில் நான் ஒருவன்.

அன்புள்ள வாத்தியாருக்கு,

நான் நலம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, புது மேலதிகாரியிடம் வாயைக் கொடுக்காமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே உன் மேஜையில் இப்போது ஜெராக்ஸ் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிடச் சத்தம் குறைவு. டெஸ்டிங்கில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது பம்ப் ஓட்டிப் பார்த்த இடத்தில் அறுபது ஓட்டுகிறோம்.

போனில் நீ மூன்று தடவை கேட்டாய், கப்சிப் எப்படி இருக்கிறாள் என்று. மூன்று தடவையும் நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு உடனே உன் பல்வலியை விசாரித்தேன். உன் பல் மேல் எனக்கு எந்த அக்கறையும் கிடையாது, உனக்கே தெரியும். உண்மையைப் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து ஆறுதல் சொல்வாய், நான் கத்துவேன். அதனால் கடிதம்.

கப்சிப் இப்போது பள்ளியில் இல்லை. காரணம் நான். வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அக்டோபரில் நீ கிளம்பும்போது அவளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய். வாரத்துக்கு ஒரு மணி நேரம் எதிர்ப்பள்ளிக்குப் போய்ப் படிக்கத் துணையிருப்பது, ஒரு ஆளுக்கு ஒரு பிள்ளை, இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் பள்ளியை விட்டு நின்றுவிடும் என்று டீச்சர்கள் கைகாட்டும் பிள்ளை என்று மேனேஜரிடம் ஒரே மூச்சில் சொல்லி நீ ஆரம்பித்த வேலை. நான் பிள்ளை வளர்க்கிற ஜாதி இல்லை என்று அப்போதே சொன்னேன். நீ கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பு, எட்டு வயசு, நகம், பென்சில் என்று கடிக்க வேண்டியதெல்லாம் கடித்தாயிற்று, இனி சட்டைக் காலர்தான் பாக்கி என்று அறிமுகம் செய்துவைத்தாய்.

முதல் மூன்று வாரம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்துகள் காற்றுப்போய்க் கிடக்கும் அந்த விளையாட்டுச் சாமான் அறையில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்து காலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் கதைப் புத்தகத்தை மறந்துவிட்டேன். பையில் இருந்தது நம் பம்ப் கையேடுதான். பக்கத்தைப் பிரித்ததும் அந்தப் படம், எல்லாப் பாகமும் கழன்று காற்றில் நிற்பது மாதிரி இருக்குமே, அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்று, மூடி. இரண்டு, வாஷர். மூன்று, தண்டு. மெல்ல, ஆனால் வாய்விட்டு. வாஷர் எதுக்கு என்று கேட்டாள். அது இல்லாவிட்டால் ஒழுகும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்க வீட்டுக் குழாயில அது இல்லை போல என்றாள்.

ஜனவரி கடைசியில் அந்தக் கையேட்டில் நிமிஷத்துக்கு நாற்பத்தோரு வார்த்தை படித்தாள். எச்சரிக்கைப் பக்கத்தை என்னைவிடக் கறாராகப் படிப்பாள். ஈரக் கையால் தொடாதே என்று வாசித்துவிட்டு என் கையைப் பார்ப்பாள். நான் வாட்சைக் கழற்றிப் பையில் போட ஆரம்பித்தது அப்போதுதான்.

இனி என் வேலையைச் சொல்கிறேன்.

நவம்பரில் எச்.ஆர். மேடம் ஒரு படிவம் கொடுத்தார். இத்தனை பேர் இத்தனை மணி நேரம் போகிறார்கள், பிள்ளைகளுக்கு என்ன பலன் என்று தலைமை அலுவலகம் கேட்கிறதாம். நம் ஆட்கள் நிரப்பியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஸ்டோர்காரர் முன்னேற்றம் என்ற இடத்தில் தங்கமான பிள்ளை என்று எழுதியிருந்தார். எத்தனை கிராம் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரித்ததோடு விட்டிருக்கலாம். ஒழுங்கான தேர்வு ஒன்றை நான் தயார் செய்து தருகிறேன் என்றேன்.

டெஸ்டிங்கில் என்ன விதி? பம்பைப் பூட்டியவன் அதைச் சோதிக்கக் கூடாது. அதையே அப்படியே இங்கே கொண்டுவந்தேன். ஒரு பிள்ளைக்குத் துணையாக இருப்பவர் அந்தப் பிள்ளையைச் சோதிக்கக் கூடாது, வேறொருவர் சோதிக்க வேண்டும். தெரியாத பக்கம், ஒரு நிமிஷம், சரியாகப் படித்த வார்த்தை எத்தனை. பெயர் கிடையாது, எண் மட்டும். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற பட்டியல் ஒட்டிய கவரில் மேடத்திடம். சோதித்தவர் துணையிடம் மூச்சுவிடக் கூடாது. கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். குறிப்பு என்று இடம் விட்டால் மறுபடி தங்கமான பிள்ளை வந்துவிடும். கீழே கையெழுத்துப் போட்டு, பொறியாளர், சோதனைப் பிரிவு என்று முத்திரையும் வைத்தேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மூன்று தடவை நடந்தது. இதில் ஓட்டை எங்கே என்று இன்று கேட்டால்கூடக் காகிதத்தில் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 20 மாலை நாலு மணிக்குக் கூட்டம். மேனேஜர், மேடம், எதிர்ப்பள்ளித் தலைமையாசிரியை, நாங்கள் எல்லோரும். ஆர்டர் அதிகம், இனிமேல் பதினெட்டுப் பேரைத்தான் விட முடியும், எந்த ஆறு பிள்ளைகளை நிறுத்தலாம் என்று மேனேஜர் கேட்டார். எல்லோரும் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த மாதிரி மௌனம் ஆகாது. எழுந்து போய்த் தேர்வு முடிவுகளின் வரைபடத்தைக் காட்டினேன். இந்த ஆறு கோடும் படுத்துக் கிடக்கிறது. இதில் பதினாலாம் எண்ணைப் பாருங்கள், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மூன்று தடவை ஓட்டியும் ஒரு சொட்டுத் தண்ணீர் தள்ளாத பம்பை நாம் லைனில் வைத்திருப்போமா என்று கேட்டேன். ஸ்டோர்காரர், தம்பி, அந்தப் பதினாலு என்று ஏதோ ஆரம்பித்தார். சோதித்தவர் பேசக் கூடாது, விதி அதுதான் அண்ணே என்று அவரை உட்காரவைத்தேன். மேனேஜருக்கு என் பேச்சு பிடித்துப்போயிற்று. இப்படித் தெளிவாப் பேச ஒரு ஆள் வேணும்யா என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது, மறைக்கவில்லை. தலைமையாசிரியை ஆறு எண்ணையும் குறித்துக்கொண்டார். நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் மேடம் கவரைப் பிரித்தார். எல்லோரும் போனபின் என் பக்கத்தில் வந்து, சார், பதினாலு உங்க பிள்ளைதான் என்றார். விளையாடாதீங்க என்றேன். பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

கப்சிப் என்று நீதானே பெயர் வைத்தாய். தெரியாத ஆள் முன்னால் அவள் வாய் திறக்கமாட்டாள் என்பது உனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். என்னிடம் பேசினாளே, அது சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு பழுதைச் சரிசெய்தால் அது எல்லா இடத்திலும் சரியாகிவிடும் என்று நினைக்கிற புத்தி என்னுடையது.

மறுநாளே மேடத்திடம் போய் நின்றேன். மறுபடி சோதியுங்கள், நானே பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவைக்கிறேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை. நான் எழுதிய விதிகளை எடுத்து முதலாவதைக் காட்டினார். துணை சோதிக்கக் கூடாது. கீழே என் முத்திரை. இந்த ஒரு பிள்ளைக்கு மாத்தினா மத்த அஞ்சு பேருக்கு என்ன சார் சொல்றது என்று கேட்டார்.

ஸ்டோருக்குப் போனேன். ஜனவரியில் சோதித்தவர் அவர்தான். என்ன அண்ணே நடந்தது என்று கேட்டேன். போல்ட் எண்ணிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார். வாயைத் திறக்கலை தம்பி. ஆனா விரல் போய்க்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் நின்னு நின்னு, வரி முடிஞ்சதும் அடுத்த வரிக்கு வந்து, பக்கம் முழுக்கப் போச்சு. எழுதலாம்னு பார்த்தேன், கட்டம் இல்லை. படிச்ச வார்த்தை எத்தனைன்னுதானே இருந்துச்சு, பூஜ்யம் போட்டேன். சொல்லிவிட்டு மறுபடி போல்ட் எண்ண ஆரம்பித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனி நிறுத்தியதோடு போயிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் தலைமையாசிரியைக்கு வருஷா வருஷம் ஒரு வேலை இருக்கிறது. மந்தமான பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு மாற்றப் பெயர் கொடுக்க வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும். இந்த வருஷம் முத்திரை வைத்த காகிதமே கிடைத்துவிட்டது. அதற்கான குழு பிப்ரவரி 28-ல் கூடி அவளைத் தனிப் பள்ளிக்கு மாற்றிவிட்டது. நான் போய்க் கேட்டதற்கு, நீங்களே கொடுத்ததுதானே என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார். புதுப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவள் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஐந்து மணி ஷிப்ட், கூட்டிப்போக வேறு ஆள் கிடையாது. ஆக, எங்கேயும் போகவில்லை.

மார்ச் முதல் தேதி சலவைக்கூடத்துக்குப் போனேன். நீ அந்த இடத்தைப் பார்த்ததில்லை. ஆவியில் எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. பத்துப் பெண்கள் விரிப்பு மடிக்கிறார்கள், தலையணை உறைக் குவியலுக்குப் பக்கத்தில் இவள் உட்கார்ந்து, உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறாள். அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவளுக்குப் படிப்பு ஏறாதுன்னு பெரிய கம்பெனியிலேயே மெஷின் வெச்சுப் பார்த்துச் சொல்லிட்டாங்களாமே சார், அதுக்கு மேல நான் என்ன சார் பேசறது. நீங்க இத்தனை நாள் வந்ததே பெரிசு.

இல்லை, அவள் படிப்பாள் என்றேன். பையிலிருந்து கையேட்டை எடுத்து அவள் மடியில் வைத்தேன். பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். மூடி, வாஷர் என்று நானே எடுத்துக்கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், காலரை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் சத்தம் போட்டேன் வாத்தியாரே. படி என்று கத்தினேன். பத்துப் பேர் முன்னால். விரல் போய்க்கொண்டே இருந்தது என்று ஸ்டோர்காரர் சொன்னது நினைவுக்கு வந்து குனிந்து பார்த்தபோது, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பார்த்தீங்களா சார் என்றாள் அம்மா. பாவம், எனக்குச் சமாதானம் சொல்கிற குரலில்.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. வியாழக்கிழமை இந்த ஒரு மணி நேரம் எனக்கு வேலை இல்லை. மேனேஜர் இந்தத் தேர்வை மற்ற மூன்று தொழிற்சாலைக்கும் அனுப்பப்போகிறாராம், என் பெயரோடு. உன் கிளைக்கும் வரலாம். வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

நீ திட்டுவாய். திட்டு. என்னை மன்னித்தேன் என்று மட்டும் எழுதாதே, அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள். பல்லைப் பிடுங்கிவிடு, தள்ளிப்போடாதே.

இனி செய்யப்போவது:

1. நாளை காலை பத்து மணிக்குள் மேனேஜரிடம் எழுத்தில் கொடுப்பேன்: தேர்வு தவறு, தவறு என்னுடையது, வேறு எங்கும் அனுப்ப வேண்டாம். வாங்கிப் பைலில் போடுவார். அவ்வளவுதான் நடக்கும்.

2. அதன் நகல் தலைமையாசிரியைக்கு. குழு மறுபடி கூடுவது அடுத்த பிப்ரவரியில். அதுவரை மாதம் ஒரு தடவை போய் நிற்பேன்.

3. மற்ற ஐந்து பிள்ளைகளின் துணைகளிடம் ஒவ்வொருவராகப் போய், உங்கள் பிள்ளை உங்களிடம் எப்படிப் படித்தது என்று கேட்பேன். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் இதைக் கேட்கவில்லை.

4. சனிக்கிழமை சலவைக்கூடத்துக்குப் போவேன். வெறுங்கையோடு. அந்த மெஷின் நான்தான் என்று அவள் அம்மாவிடம் சொல்வேன்.

5. இது உன்னிடம் கேட்பது. கப்சிப்புக்கு ஒரு கடிதம் எழுது. பெரிய எழுத்தில், வரிக்கு நாலு வார்த்தை, ஒரு பக்கம் போதும். அங்கே நீ பார்ப்பது எதையாவது எழுது. என் பெயர் வேண்டாம். எனக்கு அனுப்பு, நான் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கவரைப் பிரிக்கமாட்டேன். பக்கத்தில் நிற்கமாட்டேன். படித்தாளா என்று கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
மீட்டர்