கயிறு பிடித்த கையில் பிஸ்டல்

முதல் தோட்டா வலிக்காது என்று நீ சொன்னது பொய். வலித்தது. இன்று வருடாந்திரத் துப்பாக்கி சுடும் பயிற்சி முடிந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வெடிமருந்து வாடை போகவில்லை. இந்த வாடை வந்தால் நீயும் வந்துவிடுகிறாய். அதனால் இரண்டாம் முறை கழுவவில்லை.

காவலர் பயிற்சியில் நீ எங்களுக்கு முந்தைய அணி. பிஸ்டல் தேர்வில் தோற்று எங்களோடு மறுபடி வந்து உட்கார்ந்தவள். மணலிக்காரி. டேங்கர் லாரிச் சத்தத்தில் வளர்ந்ததால் மெதுவாகப் பேசத் தெரியாது. நான் திருவொற்றியூர் குப்பத்தில் அப்பாவின் படகைக் கயிறு போட்டுக் கரைக்கு இழுத்து வளர்ந்தவள். தோற்றால் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று பயிற்சி விதி சொன்னது. எங்கள் வீடு சொல்லவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, நான் தோற்பதற்குக் காத்திருந்தார்கள்.

முதல் நாள் பிஸ்டலைக் கயிறு மாதிரியே பிடித்தேன். இடது கட்டைவிரலை வலது கைமேல் சுற்றிப் போட்டு இறுக்கி, குதிகாலில் எடையைப் போட்டுப் பின்னால் சாய்ந்தேன். குப்பத்தில் பாரம் இழுக்கும் எவரும் அப்படித்தான் நிற்பார்கள். சுட்டதும் பிஸ்டலின் மேல்பாகம் பின்னால் பாய்ந்து கட்டைவிரலைக் கிழித்தது. தோட்டா குறி அட்டையைத் தாண்டி மண்மேட்டில் புதைந்தது. வலை இழுக்க வந்தாயா என்று பயிற்சியாளர் கேட்டதும் வரிசையே சிரித்தது. என் கை சின்னது என்பதையும் நான் செய்த குற்றம் மாதிரிச் சொன்னார். அந்தப் பிஸ்டலின் பிடியை யார் கையை அளந்து செய்தார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்திருக்க மாட்டார்.

நீயும்தான் சிரித்தாய். ஆனால் மாலையில் துவைக்கும் கல்லருகே என்னை நிறுத்தி, வெறும் கைகளைச் சேர்த்து நீட்டச் சொன்னாய். உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாய். நான் பின்னால் போய் வாளிக்குள் உட்கார்ந்தேன்.

"கயிறு உன்ன இஸ்க்கும்மே, அதுக்குப் பின்னால சாஞ்சா சரி. இது உன்ன தள்ளும். முன்னால சாயி."

எந்த வகுப்பிலும் எவரும் சொல்லாதது; தோற்ற பிறகு நீயாகவே கற்றுக்கொண்டது. மறுநாள் மைதானத்தில் என் பிடியை மாற்றினாய். வலது கை பிடியின் உச்சிவரை ஏற வேண்டும். மிச்ச இடத்தை இடது உள்ளங்கை நிரப்ப வேண்டும். கட்டைவிரல்கள் இரண்டும் ஒரே பக்கம், முன்னால் பார்த்து. நான் பயத்தில் இறுக்கியபோது கையில் ஒரு தட்டு. "இன்னாமே, கோழியா அது, கழுத்தத் திருகுற? கை குடுக்கிற மாதிரி புடி." வெடிக்கப்போகிறது என்று நான் முன்கூட்டியே கண்ணை மூடுவதையும் நீதான் கண்டுபிடித்தாய். ஒரு வாரம் மாலைதோறும் கல்லருகே தள்ளினாய். கடைசி நாள் நான் அசையவில்லை, நீதான் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாய்.

தேர்வன்று கை எகிறியது, தானாகவே இறங்கியது. வலிக்கத்தான் செய்தது. ஆனால் ஓட்டைகள் அட்டையில் இருந்தன. இரண்டு பேரும் தேறினோம். மாப்பிள்ளை வீட்டுக்கு அப்பாவே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று வருடம் கழித்து எண்ணூர் சாலையில், பள்ளத்தில் தடுமாறிய உன் ஸ்கூட்டியைக் கன்டெய்னர் லாரி இடித்ததில் நீ செத்துப்போனாய். டிரைவர்மேல் வழக்குப் போட்டார்கள். பள்ளத்தை மூடாதவர்கள்மேல் யாரும் போடவில்லை. அந்தக் கோபம் தீராது. ஆனாலும் உன்னை நினைத்தால் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. யார் அதட்டினாலும் என் எடை தானாக முன்பாதத்துக்கு வந்துவிடுகிறது. அது நீ கொடுத்தது.

இன்று மைதானத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்களில் நான்கு பேருக்குக் கட்டைவிரலில் பிளாஸ்திரி. பிடியின் பின்பக்கத்தைக் கழற்றிச் சின்னதாக மாட்டிக்கொள்ளும் பிஸ்டல்கள் வெளியே எப்போதோ வந்துவிட்டன, எங்களுக்குத்தான் வரவில்லை. நேராக அதிகாரியிடம் போனேன்.

"சார், பொண்ணுங்க கைக்குப் பொருந்துற பிஸ்டல் வேணும். வாங்கிக் குடுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டி அடுத்த வரிசையைக் கூப்பிட்டார். நான் அதே இடத்தில் நின்று மறுபடி கேட்டேன்.