டச்சஸ் மைதானம் போய்ச் சேர்ந்த விதம்

14 ஜூன் 1994, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் தபால்காரர் பெர்சி இதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். என் தரப்பும் எங்காவது பதிவாக வேண்டும்.

இன்று காலை பத்து மணிக்கு, ஐம்பத்துமூன்று வயதான நான், எங்கள் கராஜில் சக்கரமில்லாமல் நான்கு மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும் டச்சஸ் என்ற என் பழைய காருக்குள் ஏறி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, வாயாலேயே வண்டி ஓட்டினேன். ட்ர்ர்ர்ர். வளைவுகளில் உடம்பைக்கூடச் சாய்த்தேன். கண்ணைத் திறந்தால் வாசலில் பெர்சி, கையில் பார்சலோடு.

"மேட்டுல ஏறுறீங்க மேடம். ரெண்டாவது கியருக்கு மாத்துங்க" என்றார்.

மாற்றினேன். பிறகு கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிப்போய்க் கையெழுத்திட்டேன். மானம் போனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

19 ஜூன், ஞாயிறு

க்ளெமென்ட் கோபப்படவே மாட்டான். இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் அவன் குரல் உயர்ந்தது இரண்டு முறை, இரண்டும் கிரிக்கெட்டுக்காக. இன்று டீக்கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"ஒன்பது வருஷம் ஆச்சு, ஹெஸ்டர். ஒன்பது வருஷமா என் காரு மழையில நிக்குது."

"அதுக்கு மழை பிடிக்கும்."

"செப்டம்பர் பத்தாம் தேதி ஊர்க் கண்காட்சி. யாரும் தள்ளாம, யாரும் கயிறு கட்டி இழுக்காம, உன் டச்சஸ் மைதானத்துக்கு வந்து சேரணும். இல்லன்னா ரோடெரிக்குக்குக் குடுத்துடுவோம்."

ரோடெரிக் எங்கள் பழைய கார் சங்கத்தின் செயலாளர். 1961-இல் செய்த இந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கும்போதெல்லாம், மரணப்படுக்கையில் கிடக்கும் பணக்காரப் பெரியப்பாவைப் பார்ப்பது போலப் பார்ப்பவர்.

சரி என்றேன். வேறென்ன சொல்ல? என் டச்சஸ். என் *டச்சஸ்*, அந்த ஆளிடமா?

2 ஜூலை, சனி

எங்கள் நாட்டு முன்னோர் ஒரு போல்ட்டைத் திருகுவதற்கு மூன்று தனித்தனி அளவுமுறைகளைக் கண்டுபிடித்தார்கள். டச்சஸில் மூன்றும் இருக்கின்றன, சில இடங்களில் பக்கத்துப் பக்கத்தில். கையிலிருக்கும் ஸ்பானர் எப்போதும் மற்ற இரண்டில் ஒன்று. சக்கரங்கள் மாட்டியாயிற்று. விரல் நகம் இரண்டு காலி.

23 ஜூலை, சனி

ரோடெரிக் "சும்மா அந்தப் பக்கமா வந்தேன்" என்று வந்தார். அந்தப் பக்கத்தில் எங்கள் வீட்டைத் தவிர ஒன்றுமில்லை. குன்றின் உச்சி, அதற்குமேல் ஆடுகள். சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவுக்குக் கீழே இங்கிதமாகக் குத்தினார். அது பிடிவரைக்கும் உள்ளே போனது.

"சுவாரசியமா இருக்கு" என்றார்.

எங்கள் ஊரில் 'சுவாரசியம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் மாமியார் என் கல்யாண உடையைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

"ஒட்டுப் போட்டா போதாதுங்க. உள்பக்கம் முழுக்க மெழுகு ஊத்தணும். இல்லன்னா ரெண்டே குளிர்காலம், அப்புறம் துரு ஒண்ணுதான் மிச்சம்."

எதிரி சொன்னாலும் சரியாகச் சொல்லித் தொலைக்கிறான்.

21 ஆகஸ்ட், ஞாயிறு

ஒட்டெல்லாம் போட்டு முடித்தேன். க்ளெமென்ட் தேவாலயம் போன நேரத்தில் மெழுகு காய்ச்சினேன். ஆட்டுரோமக் கொழுப்பு, தேன்மெழுகு, ஆளிவிதை எண்ணெய். தேன் நிறத்தில் கண்ணாடியாக வந்தது. பாத்திரம்? க்ளெமென்ட் பழ ஜெல்லி காய்ச்சும் பாத்திரம்தான், வீட்டில் பெரியது அது ஒன்றுதானே. ஊற்றிவைத்தது அவனுடைய ஜெல்லி ஜாடிகளில். எட்டு ஜாடி, கராஜ் அலமாரியில்.

சாயங்காலம் மோப்பம் பிடித்தான். "என் பாத்திரத்துல ஏன் ஆட்டு வாசனை?"

"ஜன்னல் திறந்திருந்துச்சு" என்றேன். ஆடுகளுக்கு நன்றி.

28 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அவன் முறை. காட்டு ஆப்பிள் ஜெல்லி. கண்காட்சி ஜெல்லிப் போட்டியில் க்ளெமென்ட் பதினான்கு வருடமாக எதையும் வாங்கியதில்லை. பதினான்கு வருடமும் முதல் பரிசு மிஸஸ் டிரான்டருக்கு. பரிசு வாங்கும்போது "அடடா, நானா!" என்று பதினான்கு முறையும் ஆச்சரியப்பட்டவள். அதே தேன் நிறத்தில் பன்னிரண்டு ஜாடி வந்தது. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவனும் கராஜ் அலமாரியில்தான் வைத்தான்.

3 செப்டம்பர், சனி

வெந்நீரில் வைத்து உருக்கி, எட்டு ஜாடியையும் புனல் வைத்துக் கதவுகளுக்குள்ளும் கீழே ஓடும் தகரப் பொந்துகளிலும் ஊற்றிவிட்டேன். இந்த முறை ஆட்டு வாசனையே இல்லை. பழகிவிட்டது போலும். மூக்கும் ஒரு மெக்கானிக்தான்.

7 செப்டம்பர், புதன்

கராஜில் குளவிகள். நாலைந்து. எங்கிருந்து?

9 செப்டம்பர், வெள்ளி

இஞ்சின் மூச்சு விடவில்லை. மூன்று வாரமாக விடவில்லை. பேட்டரி புதிது. தீப்பொறி வருகிறது. கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிப் பூட்டினேன். கையால் சுற்றினேன், கெஞ்சினேன், திட்டினேன். சங்கத்தில் ஒன்பது வருடமாக எல்லாருக்கும் யோசனை சொன்னவள் நான்! என்னடி உனக்குக் குறை? சொல்லேன். வாய் திறந்து சொல்லேன்.

க்ளெமென்ட் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு ஜாடியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒன்றை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதைப் பாரேன். இவ்வளவு தெளிவு என் வாழ்க்கையில வந்ததில்ல."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு ரோடெரிக் வண்டி ஏற்றும் டிரெய்லரோடு வரப்போகிறார். எனக்குத் தெளிவு எதற்கு?

10 செப்டம்பர், சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பகல் பதினொன்று. டச்சஸின் மூக்கு வெளியே பார்த்தபடி. மேல்கூரை மடக்கியாயிற்று. க்ளெமென்ட் மடியில் ஜாடியோடு பக்கத்தில். போன குளிர்காலத்திலிருந்து அவனுக்கு வலது காது சரியில்லை; நல்லவேளை, என் பக்கம் இருந்தது அதுதான். கைப்பிரேக்கை விடுவித்தேன். டச்சஸ் நகர்ந்தாள். கேட்டைத் தாண்டி, சந்தின் இறக்கத்தில், மைதானம்வரை ஒன்றே கால் மைல். பாதிவழியில் நல்ல வேகம். காற்றில் துணி பறந்தது. சத்தமும் பிரமாதம்.

"இஞ்சின் என்னமா பாடுது!" என்று கத்தினான் க்ளெமென்ட். "அடியில ஒரு ரீங்காரம் கேக்குது பாரு!"

அந்த ரீங்காரம் எனக்கும் புதிதுதான். வளைவில் திரும்பியபோது கதவிடுக்கிலிருந்து முதல் ஐம்பது குளவிகள் வெளியே வந்தன.

மைதானத்துக்குள் நுழைந்தபோது எங்களோடு ஒரு மேகமே வந்தது. வாத்தியக்குழு வாசிப்பதை நிறுத்தியது. டீக் கூடாரம் காலி. ரோடெரிக் டிரெய்லரோடு தயாராக நின்றவர், தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினார்.

"மிஸஸ் ப்ளைத்! வேணாம்! நீங்களே வெச்சுக்குங்க!"

பெர்சி மட்டும் அசையவில்லை. "சத்தம் நல்லா இருந்துச்சு மேடம்" என்றார். "எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு."

இரண்டு மணிக்கு ஜெல்லிப் போட்டி. நடுவர் பக்கத்து ஊர்ப் பாதிரியாரின் மனைவி. க்ளெமென்டின் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தார், மயங்கினார். ஒரு கரண்டி வாயில் போட்டார். நெடுநேரம் மென்றார். ஜெல்லியை யாராவது மெல்வார்களா? அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. குளவிகள் உட்பட.

வாயில் போட்டதைத் துப்பும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. அட்டையில் எழுதினார்: "தெளிவு: பத்துக்குப் பத்து. கெட்டி: பத்துக்குப் பத்து. சுவை: மிகவும் சுவாரசியம்."

முதல் பரிசு.

"அடடா, அவரா!" என்றாள் மிஸஸ் டிரான்டர்.

க்ளெமென்ட் அழுதான். கிரிக்கெட்டுக்குக்கூட அழாதவன். சொல்லலாமா என்று வாயைத் திறந்தவள், கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

11 செப்டம்பர், ஞாயிறு

அலமாரியில் மீதி பதினொரு ஜாடி. நான்கு ஜெல்லி, ஏழு மெழுகு. ஒவ்வொன்றாக முகர்ந்து பிரித்தேன். பரிசு ஜாடியை க்ளெமென்ட் அடுப்புமேடை மேல் அட்டையோடு வைத்திருக்கிறான். யாரும் தொடக்கூடாதாம். நான் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். இவ்வளவு உண்மையான சத்தியம் நான் செய்ததே இல்லை.

பேச்சு மாறவில்லை அவன். "யாரும் தள்ளல, யாரும் இழுக்கல. வந்து சேர்ந்தா. கராஜ் அவளுக்குத்தான்" என்றான். பண்ணைக்காரர் டிராக்டரில் கட்டி அவளை வீட்டுக்கு இழுத்து வந்தார். குளவிக்காக என்று சொல்லிவைத்தோம்.

24 செப்டம்பர், சனி

கதவுகளை வெந்நீரால் கழுவி முடித்தேன். க்ளெமென்டின் கார் மழையில் நிற்கிறது, குறை சொல்லவில்லை. அடுத்த வருடமும் அதே பக்குவத்தில் காய்ச்சப் போகிறானாம். பயமாக இருக்கிறது.

டச்சஸ் இன்று முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனாள். காலையில் டாங்கில் பெட்ரோல் ஊற்றினேன். முதல் முறையாக.