கதவுக்குப் பின்னால் கோடுகள்

ஜூன் 9

வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் பென்சில், வீட்டில் எல்லாரிடமும் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் மை. டீச்சர் பென்சில் என்றதும் பின்பெஞ்சில் சிரிப்பு. என் பட்டப்பெயர் அது. வகுப்பிலேயே குட்டை நான்தான்.

மேலே தாத்தா பாட்டிகள் நால்வர், நடுவில் அப்பா அம்மா, கீழே நான் ஒருத்தி. "மரம் தலைகீழா நிக்குதே" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. என் கட்டத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 10

சமையலறையிலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஓடினேன். திரும்பாமலே, "உன்ன இல்ல" என்றாள்.

இந்த வீட்டில் வேறு யாருக்கு என் பெயர்?

ஜூன் 12

ராத்திரியில் இதை எழுதும் டார்ச் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாதென்று இன்று அறைக்கதவைச் சாத்தினேன். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு. அதற்குப் பின்னால் சுவரில், சின்ன வயதில் என்னை அளந்த பென்சில் கோடுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அம்மாவின் கையெழுத்தில் என் பெயர், வயது. மூன்று. நான்கு. ஐந்து.

ஐந்து வயதுக் கோடு நான்கு வயதுக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இருக்கிறது.

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். வளர்ந்தவள் எப்படிக் குறைவாள்? நான் என்ன துணியா, துவைத்ததும் சுருங்க?

சிரிப்பு வரவில்லை.

ஜூன் 14

அம்மா குளிக்கப் போன நேரம் அப்பாவிடம் கேட்டேன். அலமாரிக்கு அடியிலிருந்து இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை எடுத்தார். ஒன்றில் என் பெயர். மற்றதில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலிதான் நான்.

எனக்கு ஓர் அக்கா இருந்தாளாம். நாலு வயதில், காய்ச்சல். அப்போது எனக்கு இரண்டு. பெயர் வைப்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, சின்னவளே என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

"அவ போன மறுவாரம் அம்மா உன்ன அவ பேர் சொல்லிக் கூப்பிட்டா. நீயும் திரும்பிப் பாத்தே. அதுக்கப்புறம் தடுக்க எனக்கு வாய் வரலம்மா."

பள்ளியில் சேர்க்கும்போதும் அவள் சான்றிதழையே கொடுத்திருக்கிறார். அதன்படி பதிமூன்று வயது அவளுக்கு. எனக்குப் பதினொன்று. சுவரில் ஐந்து என்று இருப்பது மூன்று வயது நான்.

ஜூன் 15

தூக்கம் வரல. தினமும் வகுப்புல யாருக்காக 'உள்ளேன் டீச்சர்' சொல்றேன்? நான் அவ இல்லேன்னா நான் யாரு?

ஜூன் 17

வெற்றிடத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்தப் பெயரை அதில் மையால் எழுதினேன். என் கட்டத்தில் இருந்ததை அழித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

புதுக் கட்டத்தை விரலால் தடவினாள். பிறகு பேனாவை வாங்கி என் கட்டத்தில் 'சின்னவள்' என்று எழுதினாள். "அளந்து ரொம்ப நாளாச்சு, வா" என்று கதவுக்குப் பின்னால் நிற்கவைத்துக் கோடு போட்டாள். கூச்சத்தில் நெளிந்தேன். கோடு கோணிப்போயிற்று.

சாயங்காலம் "சின்னவளே" என்று கூப்பிட்டாள். அழுகை வந்துவிட்டது. என்னைத்தான்.

ஜூன் 18

எழுதுவதற்காகக் கதவைச் சாத்தினேன். என் கோட்டுக்கு ஒரு சாண் மேலே இன்னொரு புதுக் கோடு. அம்மாவின் கையெழுத்து. நேற்றைய தேதி. 'மூத்தவள், பதிமூன்று.'

அது கோணவில்லை. யாரோ அசையாமல் நின்றிருக்கிறார்கள்.

இப்போது சமையலறையிலிருந்து அம்மா அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். நான் எழுந்திருக்கவில்லை. யார் போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.