வெறும் வயிறு

அன்பு மகளே,

கன்னியர் மடத்தில் உனக்கு போன் தரமாட்டார்கள் என்பதால், வில்லியனூரில் நாய் டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ விட்டுப்போன ரூபிக்கு இன்று கருத்தடை ஆபரேஷன். போன தடவை ஈன்ற நான்கு குட்டிகளையும் பஸ் ரோட்டில் பறிகொடுத்தோம். இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

நேற்று இரவிலிருந்து அவளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரையும் நான் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை. நீ மடத்துக்குப் போன அன்றுகூட அழுதுகொண்டே இட்லி ஊட்டினேன். காலையில் ரூபி காலித் தட்டை நக்கியபடி என்னையே பார்த்தாள். மீன்குழம்புச் சோறு பிசைந்து வைத்துவிட்டேன். டாக்டரம்மா கேட்டபோது, "தண்ணிகூட குடுக்கல டாக்டர்" என்றேன். அவளை உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் நாயோடு இருப்பவர் இப்போதுதான் சொல்கிறார்: "வயித்துல சோறு இருந்தா மயக்கத்துல வாந்தி எடுத்து மூச்சு அடைச்சிக்கும்கா." இரு, வருகிறேன்.

கதவைத் தட்டி உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, மயக்க ஊசி போடவில்லை. "இன்னாம்மா இது, உசுரோட வெளையாடுறீங்களா?" என்று திட்டி, வியாழக்கிழமை வரச் சொன்னார் டாக்டரம்மா.

அன்று அப்பாதான் ரூபியை அழைத்து வர வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் என்னையும் அன்றைக்குத்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். கர்ப்பப்பையில் கட்டியாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வியாழக்கிழமை முடிந்திருக்கும்.

அம்மா